வால் நறுக்கிய மெஷின்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சில ஆயிரம் ஆண்டுகள் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே, சென்ற மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் மாடிப்படிக் கைப்பிடியும் செய்கிற ஒரு பட்டறையில் மின்கருவிப் பாதுகாப்பு வாரம் தொடங்கி வைக்கப்பட்ட செய்தியை வருங்காலச் சந்ததியினர் எழுந்து நின்று வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். உட்கார்ந்து வாசிக்க வழியில்லை. இருந்த நாற்காலிகளையெல்லாம் தலைமை அலுவலகத்துக்காரர்களுக்குப் போட்டாகிவிட்டது.

இந்தப் பொன்னான நாளில் சந்தோஷப்படாத ஒரே ஜீவன் டூல்ரூம் அக்கா.

பட்டறையில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்களும்கூட. கழிவறைக்கும் பெயிண்ட் கிடங்குக்கும் நடுவில் கம்பிவலை அடித்த ஒரு கூண்டு. அதற்குள் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து இரும்பு அறுக்கும் கை கிரைண்டர், துளை போடும் டிரில் எல்லாவற்றையும் பிரித்து, தூசி ஊதி, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, நைந்த வயரை வெட்டி, திரும்பப் பூட்டித் தருவது அவர் வேலை. எவன் கையில் எந்த மெஷின் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் ஜாதகம் சொல்வதுபோலச் சொல்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மெஷின் ஆபத்து என்று தெரிந்துவிட்டால் சீட்டு எழுதித் தொங்கவிடுவதோடு நிறுத்த மாட்டார். சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகிறவர்களை அவருக்குத் தெரியும். அதனால் கட்டிங் பிளேயரை எடுத்து, வயரின் நுனியில் இருக்கிற பிளக்கையே நறுக்கிவிடுவார். பிளக் இல்லாத மெஷினை எந்த அவசரக்காரனாலும் ஓட்ட முடியாது. பட்டறையில் இதற்கு வால் நறுக்குவது என்று பெயர். “ஏழாம் நம்பர் எங்கப்பா?” என்று ஒருவன் கேட்டால், “அக்கா வால நறுக்கிட்டாங்க” என்று இன்னொருவன் சொல்வான். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அந்த மாதம் மூன்று கிரைண்டர்களுக்கு வால் கிடையாது. ஏழாம் நம்பரைத் தொட்டால் ஷாக் அடித்தது. பதினைந்தாம் நம்பருக்கு உள் அச்சு வளைந்து, மாட்டிய சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடியது. இருபத்தொன்றுதான் மூன்றிலும் நயவஞ்சகம் பிடித்தது. அதன் ஸ்விட்ச் நாலைந்து தடவை சொன்ன பேச்சைக் கேட்கும். அடுத்த தடவை உள்ளே தகடு ஒட்டிக்கொண்டு, நிறுத்தினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். புது ஸ்விட்ச் கேட்டு அக்கா மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஸ்விட்ச்சை மூன்று மாதமாக எப்படித்தான் பரிசீலித்தார்களோ, அது பரிசீலித்தவர்களுக்கே வெளிச்சம்.

பரிசீலித்தவர் நிர்வாக அதிகாரி. பட்டறையில் அவருக்குப் பெயர் ‘சுற்றறிக்கை’. கழிவறையில் குழாயைத் திருகுவது எப்படி, மின்விசிறிக்கு அடியில் நிற்கக் கூடாத நேரங்கள் எவை என்று தினம் ஒரு சுற்றறிக்கை விடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக அக்கா வெள்ளியும் சனியும் லீவு போட்டிருந்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து கூண்டைத் திறந்தால் உள்ளே ஒரு மெஷின்கூட இல்லை. பெயிண்ட் நெடி மட்டும் குப்பென்று மூக்கில் ஏறியது.

கூடத்துக்கு ஓடினார். நடுவில் நீள மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி. துணியின்மேல் இருபத்து மூன்று கிரைண்டர்கள் பூவிதழ் மாதிரி வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. அத்தனையும் பளபளவென்று ஒரே மஞ்சள். உடம்பு மஞ்சள், கைப்பிடி மஞ்சள், வயர் மஞ்சள், மாட்டியிருந்த அறுக்கும் சக்கரம்கூட மஞ்சள். மெஷினுக்குள் காற்று போக வைத்திருக்கிற பிளவுகளில் பெயிண்ட் கட்டியாக உறைந்து, மூக்கை அடைத்துவிட்டிருந்தது. எச்சரிக்கைப் படம் போட்ட தகடுகள் எல்லாம் மஞ்சளுக்குள் சமாதி. வயர் நுனியில் ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரி புது வெள்ளை பிளக்.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பிரே அடிக்கிறவர் ஓரமாக நின்று நகத்திலிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நீங்களாய்யா அடிச்சீங்க?”

“அடிக்கச் சொன்னாரு, அடிச்சேன். ‘ஒரு இடம் விடாத, வயரக்கூட விடாத’ன்னாரு. நான்தான் பிளக்க மட்டும் விட்டுட்டேன். அதுக்கே திட்டு வாங்கினேன்.”

“சக்கரத்துக்குமா அடிப்பீங்க?”

“அழகா இல்லையா?” என்றார் அவர், நிஜமான அக்கறையோடு.

“வால் இல்லாத மெஷின் மூணு இருந்துச்சே.”

“மூணுக்கு மட்டும் புது பிளக் போட்டா தனியாத் தெரியுதுன்னு, எல்லாத்தையும் நறுக்கி எல்லாத்துக்கும் புதுசு போட்டுட்டாங்க. இப்ப எல்லாம் ஒண்ணு போல இருக்கு பாருங்க.”

எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. அதுதான் ஆபத்து. பட்டறையே திரண்டு, லீவு நாளில் ஓவர்டைம் போட்டு, எது ஆளைக் கொல்லும் எது கொல்லாது என்று தெரியாதபடி செய்து வைத்திருந்தது. அதற்குப் பெயர் பாதுகாப்பு.

சுற்றறிக்கை கோட்டு போட்டுக்கொண்டு மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா அருகில் போனதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தை நீட்டினார்.

“உங்களுக்குத்தாம்மா. மூணு பிளக் காணோம். விளக்கம் தேவை.”

“நான்தான் சார் நறுக்கினேன். அந்த மூணையும் யாரும் தொடக் கூடாதுன்னு நறுக்கினேன். இப்ப எது எதுன்னு தெரியல. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க, ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்துடறேன்.”

“பிரிக்கிறதா? டிஸ்ப்ளேயம்மா அது.”

“ஓட்டாம சும்மா வெச்சிருந்தா சரி. ஓட்டப்போறீங்களா?”

சுற்றறிக்கையின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே அவர் ஒரு வாரம் காத்திருந்தார் போலும். “எல்லாரும் கத்திரிக்கோலால ரிப்பன் வெட்டுவாங்க. நம்ம துணைத் தலைவர் கிரைண்டரால இரும்பு ரிப்பன் வெட்டுறார். என் ஐடியா. அதுக்குன்னு ஒரு மெஷின் தனியா எடுத்து வெச்சாச்சு.”

“எது சார் அது?”

“இருக்கிறதுலயே பெஸ்ட். நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. பாதுகாப்புக்கு முதல் எதிரி உணர்ச்சிவசப்படறதுன்னு போன மாசமே சுற்றறிக்கை விட்டிருக்கேன்.”

தனியாக எடுத்து வைத்த மெஷின் மேடையில், ஒரு வெள்ளித் தட்டில் இருந்தது. தட்டைக் காவல் காத்துக்கொண்டு நின்றவர் அக்காவின் தம்பி.

தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருஷமாக அதே பட்டறையில் இரும்பு அறுக்கிறவர். ஒரு கோடு போட்டால் நூல் பிசகாமல் அறுப்பார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுத்துவரை சூப்பர்வைசர் ஆசை. அந்த வாரம் சுற்றறிக்கை அவரை ‘பாதுகாப்பு நட்சத்திரம்’ என்று அறிவித்து, நெஞ்சில் ஒரு அட்டை நட்சத்திரம் குத்தி, கைக்கு வெள்ளை நூல் கையுறை மாட்டிவிட்டிருந்தார். பெரிய ஓட்டலில் பரிமாறுகிறவர் மாதிரி நின்றார் தம்பி.

“கையுறையக் கழட்டுடா” என்றார் அக்கா. “சுத்துற சக்கரத்துக்கிட்ட நூல் கையுறை போடலாமா? ஒரு இழை மாட்டினா கையோட இழுக்கும்னு உனக்குத் தெரியாதா?”

“நான் ஓட்டலையேக்கா. எடுத்துக் குடுக்கப்போறேன், திருப்பி வாங்கப்போறேன். அவ்வளவுதான். நீ வந்து என் மானத்த வாங்காத.”

“சக்கரத்துக்கு மேல இருக்கிற மூடி எங்க?”

“போட்டோகிராபர் கழட்டச் சொன்னாரு. மூடி இருந்தா தீப்பொறி தெரியாதாம்.”

“அந்த மெஷின இப்படிக் குடு, நம்பர் பாக்கணும்.”

தம்பி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “தொடாத. பெயிண்ட் இன்னும் காயல. காலையில நாலு தடவை ஒத்திகை பாத்தோம், நாலு தடவையும் கச்சிதமா நின்னுச்சு. சூப்பர்வைசர் லிஸ்ட் இன்னிக்கு துணைத் தலைவர் கையில இருக்குக்கா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இரேன்.”

வேறு வழியில்லை. ஒவ்வொரு மெஷினிலும் பல்சக்கரம் இருக்கிற தலைப்பகுதிக்கு அடியில் அக்கா தன் கையால் நம்பர் செதுக்கியிருந்தார். மேசைக்குப் பின்பக்கமாகக் குந்தி, ஸ்க்ரூடிரைவரால் மஞ்சளைச் சுரண்ட ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் மூன்று பூச்சு பெயிண்ட். நகம் போயிற்று. மூன்று. பதினெட்டு. ஒன்பது. கூடத்தில் ஆட்கள் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். பன்னிரண்டு. ஏழு. ஏழாம் நம்பரை எடுத்து வாளிக்குள் போட்டார். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம், ஓடுகிற செருப்புகளின் சத்தம். இரண்டு. இருபது. பதினைந்து. அதுவும் வாளிக்குள் போயிற்று.

துணைத் தலைவர் மேடையேறினார். பழுத்த ஆள், கழுத்திலிருந்து தொப்புள்வரை சிவப்பு டை. கையில் கருவி என்று எதையும் பிடித்து இருபது வருஷம் ஆகியிருக்கும், பேனாவைத் தவிர. மைக்கில் சொன்னார்: “பாதுகாப்பு என்பது ஒரு கருவி அல்ல. அது ஒரு மனநிலை.” கைதட்டினார்கள். “அது ஒரு மனநிலை மட்டுமல்ல. அது ஒரு வாழ்க்கை முறை.” மறுபடியும் கைதட்டினார்கள். இது இன்னும் எதுவெல்லாமோ ஆகிக்கொண்டே போகும் என்று அக்காவுக்குப் புரிந்தது. அதற்குள் மிச்சத்தையும் சுரண்டிவிடலாம்.

இருபத்து மூன்றும் முடிந்தது. அதில் இருபத்தொன்றாம் நம்பர் இல்லை.

அக்கா எழுந்து நின்றார். முழங்கால் விண்ணென்றது. இருக்கிறதிலேயே பெஸ்ட் என்று ஏன் அதைப் பொறுக்கினார்கள் என்று இப்போது விளங்கியது. மூன்று மாதமாக யாரும் தொடாத மெஷின் அது ஒன்றுதான். உரசல் இல்லை, கறுப்பு இல்லை, வயரில் ஒரு கீறல் இல்லை. ஓடாமல் கிடந்ததால் பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று இருந்ததால் பெரியவர் கைக்குப் போயிற்று.

மேடை ஓரமாகப் போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அது இருபத்தொண்ணுடா. ஸ்விட்ச் ஒட்டிக்கும். நிக்காது.”

தம்பியின் கண் ஒரு விநாடி தட்டுக்குப் போனது. அவருக்கு இருபத்தொன்றைத் தெரியும். பிறகு கண் மேலே, துணைத் தலைவரின் சட்டைப் பைக்குப் போனது. மடித்த காகிதம் ஒன்று அதில் எட்டிப் பார்த்தது.

“நின்னுச்சுக்கா” என்றார், உதட்டை அசைக்காமல். “நாலு தடவை நின்னுச்சு.”

சுற்றறிக்கை சிரித்த முகத்தோடு அக்காவின் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினார். “குடும்ப விஷயத்தை வீட்ல பேசுங்கம்மா.”

அக்கா நேராக மேடைக்குப் பின்னால் போனார். அங்கே பூந்தொட்டிக்கு மறைவில் மின்சாரப் பலகை. மஞ்சள் வயரைப் பிடித்துப் பிளக்கை உருவினார். மேடையில் துணைத் தலைவர் மெஷினைக் கையில் எடுத்து, கேமராவுக்குக் கன்னத்தைத் திருப்பி, ஸ்விட்ச்சைத் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணியச் சொன்னபோது முகம் மறையும் என்று மறுத்திருந்ததால், முகம் கறுத்ததை எல்லோரும் தெளிவாகப் பார்த்தார்கள்.

எலக்ட்ரீஷியன் பாய்ந்து வந்தார்.

“என்னக்கா பண்றீங்க? கரண்டு போச்சுன்னா எனக்கு மெமோன்னு சொல்லியிருக்காரு.”

“அது ரிப்பேர் மெஷின்யா. ஆள் கை போயிரும்.”

“போச்சுன்னா அது அவங்க பாடு. கரண்டு போனா என் பாடு.” பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார்.

ஸ்விட்ச் ஏற்கெனவே தள்ளியிருந்ததால் மெஷின் துணைத் தலைவரின் கையில் தானே துள்ளி எழுந்தது. அவர் திடுக்கிட்டு, சமாளித்து, இரும்புப் பட்டையில் வைத்தார். தீப்பொறி பறந்தது, வெள்ளைத் துணியில் பொத்தல் பொத்தலாக விழுந்தது. பட்டை அறுந்து இரண்டு துண்டாயிற்று. நூற்றுப்பத்துப் பேர் கைதட்டினார்கள். அவர் புன்னகைத்து, ஸ்விட்ச்சைப் பின்னால் இழுத்தார்.

மெஷின் நிற்கவில்லை.

இன்னொரு தடவை இழுத்தார். அது அதே சுருதியில் கத்தியது. கைதட்டல் அதன் சத்தத்தை மூடியிருந்தது. சிவப்பு டை காற்றில் அசைந்து சக்கரத்தின் பக்கம் எட்டிப் பார்த்தது. துணைத் தலைவர், தம் வாழ்நாளில் கைக்கு வந்த ஒவ்வொரு சங்கடத்தையும் என்ன செய்தாரோ அதையே செய்தார். பக்கத்தில் நின்றவனிடம் தள்ளினார்.

“பிடிப்பா” என்றார்.

பாதுகாப்பு நட்சத்திரம் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தது. பிடிக்காமல் இருக்க முடியாது. லிஸ்ட் துணைத் தலைவர் பையில். வலது கை மெஷினின் உடம்பில் விழுந்தது. இடது கை, மூடி இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது.

அக்கா எலக்ட்ரீஷியனை இடுப்பால் இடித்துத் தள்ளி, பிளக்கை மறுபடி உருவினார். மின்சாரம் அந்த நொடியே போயிற்று. சக்கரத்துக்கு அது தெரியாது. வேகம் அடங்கும்வரை அது சுற்றும். பத்துப் பதினைந்து விநாடி. வெள்ளை நூல் அதில் சுற்றிக்கொண்டது.

தம்பி சத்தம் போடவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் சத்தம் போடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. வெள்ளைக் கையுறை மெல்லச் சிவந்ததை முன்வரிசை பார்த்தது. பின்வரிசை இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. சுற்றறிக்கை மைக்கைப் பிடித்து, “சிறிய தொழில்நுட்ப இடைவெளி, தேநீர் தயார்” என்று அறிவித்தார். துணைத் தலைவர் தம் சட்டையில் ஏதாவது தெறித்ததா என்று குனிந்து பார்த்தார். தெறிக்கவில்லை. நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனார். அக்கா தம்பியின் கையைத் தன் மேல்கோட்டால் சுற்றி அழுத்திக்கொண்டு, பட்டறை வேனுக்கு நடத்திப் போனார். வழியில் பிஸ்கட் தட்டு அவர்களைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிற்று.

பதினொரு தையல். ஒரு நரம்பு அறுந்திருந்தது. தைத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான்கு நாளில் விசாரணை அறிக்கை வந்தது. எழுதியவர் சுற்றறிக்கை. கருவியைப் பெற்றுக்கொள்ளும்போது தொழிலாளி உரிய பக்கத்தைப் பிடிக்கவில்லை. டூல்ரூம் பொறுப்பாளர் இருமுறை மின்சாரத்தைத் துண்டித்து மேடையில் பதற்றத்தை உண்டாக்கினார். பெயிண்ட் தரமானது. கீழே தம்பியின் கையெழுத்து, அனைத்தும் உண்மை என்று.

அக்கா அதை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். அவர் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல எப்படிடா கையெழுத்துப் போட்ட?”

“வலது கைலதான்.” பிறகு டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: “லிஸ்ட்ட இன்னும் அனுப்பலையாம்க்கா. சார் சொன்னாரு. நீ அன்னிக்கு மேடைப்பக்கம் வராம இருந்திருந்தா எனக்குப் பதற்றமே வந்திருக்காது. நாலு தடவை நின்ன மெஷின் அது.”

உள்ளேயிருந்து தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா குடிக்கவில்லை. வாயில் பெயிண்ட் ருசி அடித்தது. நாலு நாளாக எதைத் தின்றாலும் அந்த ருசிதான்.

துணைத் தலைவர் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் எழுதியிருந்தார். நிகழ்ச்சி மனத்தைத் தொட்டதாகவும், இரும்பு ரிப்பன் புதுமையாக இருந்ததாகவும், மற்றப் பட்டறைகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும், சிறு காயமடைந்த தொழிலாளியின் துணிவு பாதுகாப்புப் பண்பாட்டின் ஒளிரும் எடுத்துக்காட்டு என்றும் அதில் இருந்தது. சுற்றறிக்கை அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். இருபத்து நான்கு மெஷின்களின் மூக்கிலிருந்தும் அக்கா ஊசியால் மஞ்சளைக் குத்தி எடுக்க மூன்று வாரம் பிடித்தது. சூப்பர்வைசர் வேலை துணைத் தலைவரின் மச்சானுக்குப் போயிற்று.

தம்பிக்கு இடது சுண்டு விரல் மடங்குவதில்லை.